வயிறு உப்பினால் உண்ட விதத்தைக் கேளுங்கள்

மாட்டுக்கு வயிறு உப்பிவிட்டால், "என்ன தின்றது?" என்று கேட்பது உழவர் வழக்கம். இளம் குதிரைமசாலை வயிறு முட்ட மேய்ந்தால், பெருவயிற்றில் தீவனம் நொதித்து வாயு அடைபடும் என்பதை அவர்கள் அறிவார்கள். ஆனால் கைக்குழந்தைக்கும் காவல் நாய்க்கும் வயிறு உப்பினால், "எப்படி உண்டது?" என்றும் கேட்க வேண்டும். இங்கே பல வேளைகளில் குற்றம் உணவில் இல்லை. உணவோடு விழுங்கிய காற்றில் இருக்கிறது.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். குடல் இதை எளிதில் உறிஞ்சுவதில்லை. ஏப்பமாக மேலே வர வேண்டும். அல்லது கீழ்வழியே வெளியேற வேண்டும். அதுவரை வயிறு உப்பித்தான் இருக்கும்.

நெடுநேரம் அழுத குழந்தை அழும்போதும் காற்றை விழுங்குகிறது. பசி வேகத்தில் பாலைக் குடிக்கும்போதும் விழுங்குகிறது. மார்புக் காம்பின் நுனியை மட்டும் கவ்வினாலும், பால் புட்டியைப் படுக்கை வாக்கில் பிடித்தாலும் இதே கதிதான். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போகும்படி பால் கொடுக்க வேண்டும். குடித்தபின் தோளில் நிமிர்த்திச் சாய்த்து, முதுகை மெல்லத் தட்டலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும். ஓமத் தண்ணீரும் வசம்பும் வேண்டாம். பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ, வயிறு கல் போல் இறுகினாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

நடவு நாட்களில் குழந்தை மரத்தடித் தூளியில் கிடக்கும். தாய் சேற்றில் நிற்பாள். அது வீறிட்டு அழுத பிறகே அவளைக் கரையேற விடுவது முறையல்ல. அழுமுன் அனுப்பினால் நிலத்துக்காரருக்கு நட்டம் எதுவும் இல்லை.

நாயின் கதையும் இதுவே. இரவு மிஞ்சிய சோற்றை ஒரே சட்டியில் கொட்டினால், மூன்று நாய்கள் போட்டியிட்டு மெல்லாமல் விழுங்கும். தனித்தனிச் சட்டியில், தள்ளி வைத்து, இரு வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். உண்டவுடன் ஓடவிடக் கூடாது. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்று நெஞ்சுக்கூடு ஆழமான நாய்களுக்கு, காற்று நிறைந்த இரைப்பை முறுக்கிக்கொள்ளும் அபாயம் அதிகம். வயிறு மத்தளம் போல் உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்தால், சில மணி நேரத்தில் உயிர் போகும். கைவைத்தியம் பார்க்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

மருந்து தேடுமுன் ஊட்டும் முறையைத் திருத்துவதே சிக்கனம். அதற்குக் காசு செலவில்லை. சற்றுப் பொறுமை போதும்.