காட்டுக் கிழங்கு கேக்குறவங்களுக்கு

தண்ணீர்விட்டான் கிழங்கு வாங்க வர்ற பட்டணத்து ஆளுங்க பலரும், "மலையில எடுத்ததுதான் வேணும், தோட்டத்துல விளைஞ்சதுல சத்து இல்ல"ங்கிறாங்க. எனக்கு இதுல சம்மதம் இல்லை. மலையில கிழங்கு எடுக்கிறவன் கொடியை வேரோட பிடுங்கிட்டுப் போயிடுறான், அப்புறம் அந்த இடத்துல என்ன துளிர்க்கும்? ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே உள்ள மலை 1988ல சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆச்சு, 2021ல புலிகள் காப்பகம். அங்க தோண்டுறது குற்றம்.

கிழங்கை மட்டும் நட்டா முளைக்காது. தண்டு கிளம்புற தலைப்பகுதி ஒட்டியிருக்கணும். விதையே மேல். வேலியில படர்ந்த கொடியில பழம் சிவந்ததும் பறிச்சு, உள்ள இருக்கிற கறுப்பு விதையை ஊறவச்சு, மணல் கலந்த மண்ணுல போடுங்க. முளைக்க ஒரு மாசம்கூட ஆகும். பெரிய தொட்டியிலயும் வளரும், முள்ளுதான் கையைக் கிழிக்கும். ஹோட்டல்ல வெண்ணெய்யில வதக்கித் தர்ற அஸ்பாரகஸுக்கு இது பங்காளி, ஆனா நாம சாப்பிடுறது தண்டை இல்ல, கிழங்கை. அதை வெட்ட ரெண்டு வருஷம் ஆகும்.