வாயிலும் வழியும்: பல்கலைக்கழக அனுமதி விவாதம் பற்றிய ஒரு மறுப்புரை

பல்கலைக்கழக அனுமதி பற்றிய விவாதம் இலங்கைத் தமிழரிடையே அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடைபெற்று வருகின்றது. மேடைகளிலும் பத்திரிகைகளிலும் பாராளுமன்றத்திலும் அது நிகழ்ந்தது. ஓர் இளைஞர் தலைமுறையின் அரசியலையே அது மாற்றியமைத்தது எனலாம். ஆயினும் அவ்விவாதத்தை முதலிலிருந்து இறுதிவரை வாசிக்கும் ஒருவர், அதில் வெள்ளாங்குளம் என்ற ஊரின் பெயரைக் காண்பது அரிது. இவ்வின்மை தற்செயலானதன்று. விவாதத்தை நடத்தியவர் யார், யார் சார்பில் நடத்தினர் என்ற வினாவுக்கு விடை அதிலேயே அடங்கியுள்ளது.

வெள்ளாங்குளம் மன்னார் மாவட்டத்தின் வடவெல்லையில், மன்னாரையும் பூநகரியையும் இணைக்கும் ஏ-32 வீதியிலே அமைந்துள்ளது. தெற்கே இலுப்பைக்கடவை, வடக்கே கிளிநொச்சி மாவட்டத்து முழங்காவில், கிழக்கே துணுக்காய் வழியாக மாங்குளம் செல்லும் வீதி. குளத்தையும் மழையையும் நம்பிய வயலும், மேற்கே சிறிது தொலைவிலுள்ள கடலுமே இப்பகுதி மக்களின் வாழ்வாதாரம். மாவட்டத்தின் தலைநகர் தொலைவில்; யாழ்ப்பாணமோ அதனினும் தொலைவில். இத்தகைய ஓர் ஊரிலிருந்து நோக்கும்போதுதான், பல்கலைக்கழக அனுமதி பற்றி இதுவரை எழுந்த இரு பெரும் வாதங்களும் அரை உண்மைகளே என்பது புலனாகும்.

முதலாவது வாதம் தகுதிவாதம். இதற்கு வலுவான வரலாற்று நியாயம் உண்டு. 1970ஆம் ஆண்டு மருத்துவபீட அனுமதிக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றியோர் 250 புள்ளிகள் பெறவேண்டியிருக்க, சிங்கள மொழி மூலம் தோற்றியோருக்கு 229 புள்ளிகள் போதும் எனக் கொள்ளப்பட்டது. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் நடைமுறைக்கு வந்தன. விஞ்ஞானம் சார்ந்த கற்கைநெறிகளில் 1970இல் மூன்றிலொரு பங்குக்கு மேலாக இருந்த தமிழ் மாணவர் தொகை, 1974இல் ஏறத்தாழ ஐந்திலொரு பங்காக வீழ்ந்தது. ஒரே வினாத்தாளுக்கு விடையெழுதிய இருவரை அவர்தம் தாய்மொழியைக் கொண்டு வேறுபடுத்தியமை அநீதி என்பதில் ஐயமில்லை. அவ்வநீதியை எதிர்த்தவர் நியாயத்தின் பக்கமே நின்றனர்.

ஆனால் அவ்வெதிர்ப்பினுள் ஒரு பிழையும் புகுந்துகொண்டது. மொழிவாரித் தரப்படுத்தலையும் மாவட்ட ஒதுக்கீட்டையும் ஒரே கயிற்றிற் கட்டி, இரண்டும் ஒன்றே எனப் பேசும் வழக்கம் உருவாயிற்று. முன்னையது தமிழ் மாணவர் அனைவரையும் தாக்கியது. பின்னையது யாழ்ப்பாண மாணவரைப் பெரிதும் பாதித்த அதே வேளையில், மன்னார், வவுனியா, மட்டக்களப்பு முதலிய மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் மாணவருக்கு அதுவரை இல்லாத ஒரு வாயிலைத் திறந்தது. இவ்வேறுபாட்டை எடுத்துரைத்த குரல்கள் மிகச் சில. ‘தமிழ் மாணவன்’ என்ற சொல் ‘யாழ்ப்பாணத்து விஞ்ஞான மாணவன்’ என்ற பொருளிலேயே பெரும்பாலும் வழங்கிற்று.

தகுதி என்பது வானத்திலிருந்து விழுவதன்று. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்திற் கால்பதித்தனர்; 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றிற்று. அதனைத் தொடர்ந்து கிறித்தவரும் சைவரும் போட்டியிட்டுக் கல்லூரிகளை எழுப்பினர். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாகத் திரண்ட இக்கல்வி முதலின் வட்டியே 1970இல் புள்ளிகளாக வெளிப்பட்டது. அம்மாணவரின் உழைப்பை இக்கூற்று குறைப்பதாகாது. எனினும் அவ்வாறான முதல் ஒருபோதும் இடப்படாத ஊர்களின் பிள்ளைகள் முன் சென்று, ‘தகுதி ஒன்றே அளவுகோல்’ என்பது, பந்தயத்தின் பாதித் தூரத்திலிருந்து ஓடத் தொடங்கியவன் தன் கால்வலிமையைப் புகழ்வது போன்றதேயாகும்.

இரண்டாவது வாதம் ஒதுக்கீட்டுவாதம். பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஒதுக்கீடு வழங்கியதோடு சமூகநீதி நிலைநாட்டப்பட்டுவிட்டது என்பது இதன் சாரம். 1974க்குப் பின்னர் விகிதங்கள் பலமுறை மாறியுள்ளன. இன்று பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைப்படியும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், எஞ்சிய 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கியவை எனக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அப்பதினாறில் மன்னாரும் ஒன்று. தாளில் நோக்கின் மன்னார் மாணவருக்கு இருமடங்கு பாதுகாப்பு இருப்பதாகவே தோன்றும். இங்குதான் இரண்டாவது அரை உண்மை தொடங்குகின்றது.

நாட்டின் அரச பாடசாலைகள் நான்கு வகைப்படும். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ளவை 1ஏபி பாடசாலைகள். கலை, வணிகப் பிரிவுகள் மட்டும் உள்ளவை 1சி பாடசாலைகள். பதினொராம் தரத்தோடு நின்றுவிடுபவை இரண்டாம் வகை. தொடக்க வகுப்புகளோடு அமைபவை மூன்றாம் வகை. ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகளுள் ஏறத்தாழ 1,000 மாத்திரமே 1ஏபி வகையைச் சார்ந்தவை. பத்துப் பாடசாலைகளில் ஒன்பதிற் கற்கும் பிள்ளை, தன் பாடசாலையை விட்டு வெளியேறினாலன்றி மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ விண்ணப்பிக்கும் தகுதியைக்கூடப் பெறமுடியாது என்பதே இதன் பொருள். அந்த 1ஏபி பாடசாலைகளும் நகர்களையும் பெருவீதிச் சந்திகளையும் சார்ந்தே பெரிதும் அமைந்துள்ளன.

ஆகவே பல்கலைக்கழக விண்ணப்பம் உயர்தரப் பெறுபேறு வந்தபின் நிரப்பப்படுவதாகக் கருதுவது தவறு. அது சாதாரணதரப் பெறுபேறு வந்த வாரத்திலேயே நிரப்பப்பட்டுவிடுகின்றது. எல்லைப்புற ஊரொன்றில் வாழும் பதினாறு வயது மாணவி ஒருத்தி கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் சிறப்புச் சித்தி பெற்றிருக்கலாம். அவள் முன் இரு வழிகளே உள்ளன. ஒன்று, நகரில் விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்கி, தனியார் வகுப்புக்கும் பணம் செலுத்தி, விஞ்ஞானம் கற்பது. மற்றையது, ஊருக்கு அண்மையிலுள்ள பாடசாலையில் எந்தப் பாடங்களுக்கு ஆசிரியர் உள்ளாரோ அந்தப் பாடங்களைக் கற்பது. தந்தை கூலிக்கு வயல் செய்பவராகவோ கடற்றொழிலாளியாகவோ இருப்பின், முடிவு எதுவென்பதைச் சொல்லவேண்டியதில்லை. பெண்பிள்ளையை வெளியூரிற் தங்கவைக்கத் தயங்கும் பெற்றோரின் அச்சமும் இதனோடு சேர்ந்துகொள்கின்றது. பின்னர் அவள் கலைப்பிரிவில் அமர்வாள். ‘அவளே விரும்பித் தெரிந்த பாடம்’ என அது பதிவேட்டில் எழுதப்படும்.

மாவட்ட ஒதுக்கீடு இம்மாணவியைக் காண்பதேயில்லை. அதன் கண்ணுக்கு மன்னார் என்பது ஒரே எண். மாவட்டத்துக்குரிய மருத்துவ இடங்களை நகரத்துப் பாடசாலைகளிற் கற்போர் பெறினும், வெள்ளாங்குளத்திலும் தேவன்பிட்டியிலும் பிறந்தோர் பெறினும், கணக்கு ஒன்றே. பின்தங்கிய மாவட்டமொன்றின் பெயரால் விண்ணப்பிப்போர் அங்கு கற்றமைக்கும் வதிந்தமைக்கும் சான்று தரவேண்டும் என விதிகள் உள்ளன. அத்தகைய விதிகள் தேவைப்பட்டமையே, வசதிபடைத்தோர் பிறமாவட்ட ஒதுக்கீட்டை நாடும் ஆபத்து உண்மையானது என்பதற்குச் சான்றாகும். வறியவனின் பெயரால் திறக்கப்பட்ட கதவினூடாக அவனுடைய சற்று வசதியான அயலவன் நுழைகின்றான். வறியவனோ நன்றி கூறுமாறு கேட்கப்படுகின்றான்.

இசட் புள்ளி முறை இக்குறையைத் தீர்த்துவிட்டது என வாதிடுவோரும் உளர். 2001 முதல் கையாளப்படும் இம்முறையில், ஒரு பாடத்திற் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரி கழிக்கப்பட்டு, எஞ்சியது நியம விலகலால் வகுக்கப்படுகின்றது. மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு வரும் எண்களின் சராசரியே இசட் புள்ளி. கடினமான பாடத்தையும் இலகுவான பாடத்தையும் ஒப்பிடுதற்கு இது பொருத்தமான கணிதமே. ஆனால் அது பாடங்களுக்கிடையிலான ஏற்றத்தாழ்வையே சமன்செய்யும். பாடசாலைகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வை அன்று. இரசாயன ஆசிரியர் இரண்டு தவணைகள் வராதிருந்த வகுப்பையும், மூன்று ஆசிரியர் மாறிமாறிக் கற்பித்த வகுப்பையும் அது ஒன்றாகவே கொள்ளும். அக்கணிதமுங்கூட மனிதர் கையாற் பிழைபடக்கூடியதே: 2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களுக்குரியோரை ஒன்றாக்கிக் கணித்தமை ஏற்கத்தக்கதன்று என 2012இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று வழக்காடுதற்கு நகரத்துப் பெற்றோருக்கு வசதி இருந்தது. ஆசிரியரே இல்லாத வகுப்புக்காக வழக்காடுவோர் எவர்?

இவ்வளவையும் கடந்து உயர்தரத்திற் சித்தியடையும் மாணவருக்கு இறுதியாக ஒரு தடை உண்டு. அது விண்ணப்பமே. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூல் பருமனானது. கற்கைநெறியையும் அது நடைபெறும் பல்கலைக்கழகத்தையும் சேர்த்துக் குறிக்கும் குறியீடுகளை விருப்ப வரிசைப்படி நிரல்படுத்தி, இணையவழியாக அனுப்பவேண்டும். அந்த நிரலே பின்னர் விதியாகின்றது. மூன்று பாடங்களிலும் சித்தியடைந்து விண்ணப்பிக்கும் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கிலொருவருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடமுண்டு. இந்நிலையில், எந்தக் கற்கைநெறி எங்கு நடைபெறுகின்றது, சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளி யாது, தன் பாடச்சேர்க்கைக்குப் பொருந்தும் புதிய கற்கைநெறிகள் எவை என அறிந்தவனும், கேள்விப்பட்ட இரண்டு மூன்றை மாத்திரம் எழுதுபவனும் ஒரே புள்ளியைப் பெற்றிருப்பினும் ஒரே முடிவைப் பெறுவதில்லை. நகரத்து மாணவனுக்கு அண்ணனோ ஆசிரியரோ வழிகாட்டுவர். தன் குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகத்தை நோக்கும் மாணவிக்கு வழிகாட்டி, கணினிக்கடையில் விண்ணப்பத்தை நிரப்பிக்கொடுக்கும் பையனே.

போர் இவையனைத்துக்கும் காரணம் எனக் கூறி அமைதியடைவது எளிது. போரின் பங்கை எவரும் மறுக்கவியலாது. 2008 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் இராணுவம் வெள்ளாங்குளத்தைக் கைப்பற்றியது. இப்பகுதியின் மக்கள் இடம்பெயர்ந்து அலைந்து, 2009இல் செட்டிகுளத்து முகாம்களை அடைந்தனர். அம்முகாம்களிலிருந்தும் மாணவர் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினர் என்பது இம்மக்கள் கல்வியின்மேற் கொண்ட பற்றுக்கு என்றும் நிற்கும் சான்றாகும். ஆனால் போர் முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 2011 ஜனவரியிற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. ஏ-32 வீதியும் செப்பனிடப்பட்டது. பாலம் அமைப்பதற்கு வேண்டிய பொறியியல் இந்நாட்டில் இருந்தது. எல்லைப்புறப் பாடசாலையிற் பௌதிகவியல் ஆசிரியரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நிறுத்திவைக்கும் நிருவாகம் மட்டும் ஏன் இல்லை? இனியும் போரையே காட்டுவது, இறந்தோர்மீது இருப்போரின் கடமையைச் சுமத்துவதாகும்.

‘புள்ளி குறைந்தோரை அனுமதிப்பின் பல்கலைக்கழகத்தின் தரம் தாழும்’ என்ற பழைய மறுப்பு இங்கும் எழும். குறைந்த புள்ளியோடு வருவோருக்கு முதலாண்டில் ஆங்கிலமும் அடிப்படைப் பாடங்களும் கடினமாயிருக்கும் என்பது உண்மையே. ஆயினும் அது பல்கலைக்கழகத்தின் கடமையைச் சுட்டுகின்றதேயன்றி மாணவரின் இயலாமையை அன்று. கற்றுத்தேர்ந்தோரை மாத்திரம் ஏற்றுப் பட்டம் சூட்டுவதற்குப் பல்கலைக்கழகம் வேண்டியதில்லை. பட்டமளிப்பு மண்டபம் ஒன்றே போதும்.

செய்யவேண்டியவை மறைபொருளானவை அல்ல. முதலாவதாக, பின்தங்கியமைக்கு அலகு மாவட்டமாக மட்டும் இருத்தலாகாது; பாடசாலையும் அலகாகவேண்டும். 5 சதவீத ஒதுக்கீட்டின் ஒரு பகுதியேனும், பதினொராம் தரம்வரை இரண்டாம் வகைப் பாடசாலைகளிலும் 1சி பாடசாலைகளிலும் கற்றோருக்கு உரியதாதல் வேண்டும். ஏமாற்றுவோர் அங்கும் தோன்றுவர் எனில், இளவயதிலிருந்து பல ஆண்டுகள் கிராமப் பாடசாலையிற் பிள்ளையை வைத்து ஏமாற்ற முன்வரும் நகரத்துப் பெற்றோர் எத்தனைபேர் எனக் கேட்டல் தகும். அவ்வாறு எவரேனும் வருவாராயின், அப்பாடசாலைக்கு அது நன்மையே. இரண்டாவதாக, வெட்டுப்புள்ளிகள் மாவட்டவாரியாக வெளியிடப்படுவது போல, அனுமதி பெற்றோர் எவ்வகைப் பாடசாலைகளிலிருந்து வந்தனர் என்ற கணக்கும் ஆண்டுதோறும் வெளியிடப்படவேண்டும். மூன்றாவதாக, சாதாரணதரத்தில் விஞ்ஞானத் திறமை காட்டும் எல்லைப்புற மாணவருக்கு, சிறப்பாக மாணவியருக்கு, 1ஏபி பாடசாலைகளை அடுத்து அரச செலவில் விடுதிகள் அமைதல் வேண்டும்.

நான்காவது கடமை அரசினுடையதன்று. அது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுடையது. ஆண்டுதோறும் விழாவெடுத்து, மலர் வெளியிட்டு, தமிழினத்தின் கல்வியுரிமையைப் பேசும் இச்சங்கங்கள், பெறுபேறு வெளிவந்து விண்ணப்பத் திகதி முடிவுறும் அந்தச் சில வாரங்களில் எங்கிருக்கின்றன? யாழ்ப்பாணத்திலும், 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் வவுனியாவிலும் கற்கும் மாணவர் பத்துப்பேர், கைந்நூலோடு ஏ-32 வீதியிற் பேருந்தேறி ஒரு பாடசாலை மண்டபத்தில் இரண்டு நாட்கள் அமர்ந்தால், விண்ணப்பங்கள் பலவற்றின் விதி மாறும். இதற்குச் சட்டத்திருத்தம் வேண்டியதில்லை. பேருந்துக் கட்டணமே வேண்டும்.

1970களில் வாயிலில் நிகழ்ந்த அநீதியைத் தமிழ்ச் சமூகம் கண்டது, கொதித்தது, அதற்குப் பெருவிலையும் கொடுத்தது. ஆனால் வாயிலுக்கு வரும் வழியில் நிகழும் அநீதியை, அது தன் வீட்டினுள்ளேயே நிகழ்வதால், காணாதிருந்துவிட்டது. பிறர் இழைத்த அநீதியைக் கணக்கிடுவதில் அரை நூற்றாண்டு காட்டிய நுட்பத்தில் ஒரு சிறு பகுதியையேனும் தன்னுடைய ஊர்களுக்கிடையிலான வேறுபாட்டைக் கணக்கிடுவதிற் காட்டாத சமூகம், சமத்துவம் என்ற சொல்லைப் பிறரை நோக்கி உச்சரிக்கும் உரிமையை இழந்துவிடும். அவ்வுரிமை இன்னும் எஞ்சியுள்ளதா என்பது, வெள்ளாங்குளத்து மாணவி அடுத்த ஆண்டு எந்தப் பிரிவில் அமர்கின்றாள் என்பதைக் கொண்டே அறியப்படும்.