கண்ணுக்குத் தெரியாத கடல்வாசிகள்

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் ஜார்ஜ்டவுனுக்குச் செல்பவர் பினாங்கு துறைமுகத்தில் பலவற்றைக் காண்கிறார். கொள்கலன் கப்பல்கள், சுற்றுலாக் கப்பல்கள், மீன்பிடிப் படகுகள் என அக்காட்சி விரிகிறது. ஆனால், அந்நீரில் எண்ணிக்கையால் மிகுந்தவை அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு தேக்கரண்டி கடல்நீரில் பல மில்லியன் நச்சுயிரிகள், அதாவது வைரஸ்கள், இருக்கும். இவற்றை ஆராய்வது வீண்வேலை என்று சிலர் எண்ணலாம். அவ்வெண்ணம் மாற வேண்டும்.

நச்சுயிரி என்றதும் மலேசியர் அஞ்சுவதில் வியப்பில்லை. 1998, 1999ஆம் ஆண்டுகளில் நிப்பா நச்சுயிரி இந்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. நெகிரி செம்பிலானிலுள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. பின்னர் வந்த கோவிட்-19 பெருந்தொற்று பள்ளிகளையே மூட வைத்தது. எனினும், கடல்நீரிலுள்ள நச்சுயிரிகளுள் பெரும்பாலானவை மனிதரைத் தாக்குவதில்லை. அவை கடலில் வாழும் நுண்ணுயிர்களையே தாக்குகின்றன.

அந்நுண்ணுயிர்களுள் ஒன்று சயனோபாக்டீரியா. தாவரங்களைப் போலவே இதுவும் சூரிய ஒளியால் உணவு தயாரிக்கிறது. உலகில் நடைபெறும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறையப் பாதி கடலில்தான் நடைபெறுகிறது. அப்பணியில் சினெகோகாக்கஸ், புரோகுளோரோகாக்கஸ் எனும் இருவகைச் சயனோபாக்டீரியாக்களுக்குப் பெரும் பங்குண்டு. முன்னது கரையோர நீரிலும் வாழும். பின்னது பெரும்பாலும் ஆழ்கடற்பகுதிகளின் மேல்நீரில் வாழும். இவற்றைத் தாக்கும் நச்சுயிரிகள் உயிரணுவுக்குள் புகுந்து பெருகி, இறுதியில் அதனை உடைத்து வெளியேறுகின்றன. உடைந்த உயிரணுவிலிருந்து சிதறும் சத்துகள் பிற நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன. இவ்வாறு கடலின் உணவுச் சங்கிலியையே இந்நச்சுயிரிகள் பாதிக்கின்றன. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது அல்லவா?

இவற்றின் மரபணுத்தொகுதியைப் படித்தபோது அறிவியலாளர்கள் வியப்படைந்தனர். 2003ஆம் ஆண்டில் பிரிட்டனின் வாரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் மானும் அவருடைய குழுவினரும் ஓர் உண்மையை வெளியிட்டனர். இங்கிலாந்தின் பிளிமத் கடற்பகுதியில் கிடைத்த நச்சுயிரி ஒன்றில் ஒளிச்சேர்க்கைக்கான மரபணுக்கள் இருந்தன. தானாக உணவு தயாரிக்காத நச்சுயிரிக்கு அவை எதற்கு?

கப்பலொன்றைக் கொள்ளையர் கைப்பற்றுவதாகக் கொள்வோம். இயந்திரம் நின்றுவிட்டால் அவர்களால் கரைசேர முடியாது. ஆகவே, அடிக்கடி பழுதாகும் உறுப்புக்கு மாற்று உறுப்பைத் தாங்களே கொண்டு வருகின்றனர். நச்சுயிரி செய்வதும் இதுவே. ஒளிச்சேர்க்கையில் பங்குபெறும் ஒரு புரதம் ஒளிபட்டு விரைவில் சிதைந்துவிடும்; அதனை ஓயாமல் புதுப்பிக்க வேண்டும். தாக்கப்பட்ட உயிரணுவால் அதனைச் செய்ய இயலாது. எனவே, நச்சுயிரி தன்னிடமுள்ள மரபணுவைக் கொண்டு அப்புரதத்தை ஆக்குகிறது. உயிரணுவும் இறக்கும்வரை ஆற்றலைத் தருகிறது.

2005ஆம் ஆண்டில், அட்லாண்டிக் பெருங்கடலின் சர்காசோ கடற்பகுதியில் கிடைத்த மேலும் மூன்று நச்சுயிரிகளின் மரபணுத்தொகுதிகள் வெளியிடப்பட்டன. அவற்றுள் பெரியதில் ஏறத்தாழ 252,000 எழுத்துகள் இருந்தன. கோவிட்-19 நச்சுயிரியில் உள்ளவை ஏறத்தாழ 30,000 மட்டுமே.

“தீர்க்க வேண்டிய சிக்கல்கள் பல இருக்க, இவ்வாய்வுக்குப் பணம் செலவிடுவது ஏன்?” என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அதற்கு இரண்டு பதில்கள் உள்ளன.

முதலாவது, பயன் முன்கூட்டியே தெரிவதில்லை. நச்சுயிரிகளிடமிருந்து பாக்டீரியாக்கள் தம்மைக் காத்துக்கொள்ளும் முறையைச் சிலர் ஆர்வத்தால் ஆராய்ந்தனர். அவ்வாய்வின் வழியில்தான் மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் தொழில்நுட்பம் பிறந்தது. அதனை உருவாக்கிய இமானுவேல் சார்பென்டியே, ஜெனிபர் டௌட்னா ஆகிய இருவரும் 2020ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். இன்று அம்முறை இரத்த நோய்ச் சிகிச்சைக்கும் உதவுகிறது.

இரண்டாவது பதில் துறைமுகத்தோடு நேரடித் தொடர்புடையது. கப்பல்கள் நிலைகுலையாமல் செல்வதற்காகத் தம் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொள்கின்றன. வேறொரு துறைமுகத்தில் அதனை வெளியேற்றுகின்றன. நீரோடு உயிர்களும் இடம்பெயர்கின்றன. இதனைக் கட்டுப்படுத்த, அனைத்துலகக் கடல்சார் அமைப்பு 2004ஆம் ஆண்டில் ஏற்ற உடன்படிக்கை 2017ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அது குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட உயிரிகளுக்கும் சில நோய்க்கிருமிகளுக்கும் வரம்பு விதிக்கிறது. நச்சுயிரிகளுக்கு வரம்பு விதிக்கவில்லை. வீட்டிலுள்ள பொருள்களின் பட்டியல் இல்லாதவருக்கு எது குறைந்தது, எது புதிதாய் வந்தது என்பது தெரியாது. துறைமுக நீருக்கும் இது பொருந்தும்.

எனவே, பினாங்கு நீரின் நுண்ணுயிர்களையும் நச்சுயிரிகளையும் ஆண்டுதோறும் தவறாமல் பதிவு செய்ய வேண்டும். அதற்கான இடம் தொலைவில் இல்லை. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல், கடலோர ஆய்வு மையம் பினாங்குத் தீவின் வடமேற்கு முனையிலுள்ள மூக்கா ஹெட் பகுதியில் இயங்குகிறது. மரபணுத்தொகுதியைப் படிப்பது பல்கலைக்கழகத்தின் பணி. ஆனால், கடல்நீரின் வெப்பநிலை, உப்புத்தன்மை, கலங்கல் ஆகியவற்றை மாதந்தோறும் அளந்து குறித்து வைப்பது பள்ளி அறிவியல் கழகங்களாலும் இயலும். நீரின் நிலை தெரிந்தால்தான் அதில் வாழ்பவற்றின் மாற்றத்திற்குக் காரணம் கூற முடியும்.

பிளிமத் நீரையும் சர்காசோ நீரையும் படித்து உலகம் பாடம் கற்றது. பினாங்கு நீரைப் படிக்கும் பொறுப்பு அதன் கரையில் வாழ்வோருக்கே முதலில் உரியது.