சேகரத் தேர்தலில் அணிகள் எதற்கு?



தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானபோது, பேராயர்களோடு சபை மக்களும் சேர்ந்து நிர்வகிக்க வேண்டும் என்றே ஒரு குருவானவரின் கீழுள்ள சேகரத்தின் கமிட்டி முதல் உச்ச மன்றமான சினாடு வரை தேர்தல் வைத்தார்கள். அருமையான ஏற்பாடு. அதை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்?

எங்கள் சேகரத்தில் கடந்த தேர்தலின்போது, திருவிருந்து எடுத்துவிட்டு வெளியே வந்தவர்களின் கையில் ஆலய வாசலிலேயே அணிச் சீட்டைத் திணித்தார்கள். யார் யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று அதில் அச்சடித்திருந்தது. எதிரெதிர் அணியில் நின்ற அண்ணன் தம்பி இன்றுவரை ஒரே பெஞ்சில் உட்காருவதில்லை.

இத்தனை வேகம் ஊழியத்துக்காக என்றால் சந்தோஷப்படலாம். ஆனால் திருச்சபையின் பள்ளி, கல்லூரி வேலை நியமனங்கள் யார் கையில் என்பதுதான் போட்டியே. சாதிக் கணக்கும் அதோடு சேர்ந்துகொள்கிறது. கடைசியில் வழக்கு, ஓய்வுபெற்ற நீதிபதி வந்து தேர்தல் நடத்தும் நிலை.

ஆதிச் சபை எப்படித் தெரிந்தெடுத்தது என்று அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில் பாருங்கள். கிரேக்க மொழி பேசிய விதவைகள் பந்தி விசாரிப்பில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. அந்தப் பணிக்குச் சபையார் தெரிந்தெடுத்த 7 பேருக்கும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பை நம்பியே பொறுப்பைக் கொடுத்தார்கள் என்றே நான் வாசிக்கிறேன். நற்சாட்சியும் பரிசுத்த ஆவியின் நிறைவும் ஞானமுமே தகுதி, அணி கிடையாது.

அடுத்த தேர்தலில் உங்கள் வீட்டுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், கடந்த முறை பணி நியமனங்கள் எப்படி நடந்தன என்று கேளுங்கள். பதில் சொல்லாதவருக்கு ஓட்டுப் போடாதீர்கள்.

ஒரு சபை அங்கத்தினர்,
திருநெல்வேலி மாவட்டம்