கட்டிலுக்கு அடியில் 23 லிட்டர்!

நம் ‘கேளுங்க, தேடிச் சொல்றோம்’ பகுதிக்கு இந்த வாரம் திருச்சியிலிருந்து ஓர் அம்மா மெயில் அனுப்பியிருந்தார்.

“பையன் இங்கிலாந்துல, லெஸ்டர்ல எம்.எஸ்சி படிக்கிறான். வீடியோ கால்ல பார்த்தா ரூம் மூலையில பெரிய வெள்ளை வாளி. என்னடா அதுன்னு கேட்டா, ‘பீர் போட்டிருக்கேன்மா, கிட் வாங்கினேன்’னு சாதாரணமா சொல்றான். எனக்குத் தூக்கமே போச்சு. வீட்டுல காய்ச்சினா கள்ளச்சாராயம்தானே? கண்ணு போயிடாதா? போலீஸ் பிடிக்காதா? லீவுக்கு வரும்போது ஒரு டப்பா கொண்டு வரவான்னு வேற கேக்கிறான்.”

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போனதைப் பார்த்த ஊரில், ஓர் அம்மாவுக்கு இந்தப் பயம் வருவது இயல்பு. அதனால் அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

சாராயத்தைத்தான் காய்ச்சுவார்கள். புளித்த ஊறலை அடுப்பில் ஏற்றி, வரும் ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பது அது. கிட் பீரில் அந்த வேலையே கிடையாது. இட்லி மாவு ராத்திரியில் பொங்குவதுபோல ஒரு வாளிக்குள் புளித்து முடிவதோடு சரி. கள்ளக்குறிச்சியில் ஆளைக் கொன்றது மெத்தனால். தொழிற்சாலைகளுக்கான அந்த ரசாயனம் சாராயத்தில் கலக்கப்பட்டிருந்தது. தானியத்தைப் புளிக்கவைக்கும் பீரில் ஆபத்தான அளவுக்கு மெத்தனால் உண்டாவதில்லை. ஆக, கண்ணுக்கு ஒன்றும் ஆகாது அம்மா.

போலீஸும் வராது. இங்கிலாந்தில் 1880-ல் வந்த ஒரு சட்டம், வீட்டில் பீர் தயாரிப்பதற்கும் லைசென்ஸ் வேண்டும் என்றது. அதை 1963 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் நீக்கினார். அதற்குப் பிறகு, மருந்துக்கடையான பூட்ஸிலேயே பீர் கிட் விற்கும் காலமும் வந்தது. சொந்த உபயோகத்துக்குத் தயாரிக்கலாம், விற்கக் கூடாது. சாராயம் காய்ச்சினால் அங்கேயும் குற்றம்தான். அமெரிக்கா இன்னும் தாமதம். ஜிம்மி கார்ட்டர் 1978-ல் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மத்திய அரசின் சட்டம் வீட்டு பீரை அனுமதித்தது. மிசிசிப்பி, அலபாமா மாநிலங்கள் 2013 வரை இழுத்தடித்தன.

டப்பாவை இங்கே கொண்டுவரும் யோசனையை மட்டும் உடனே நிறுத்தச் சொல்லிவிடுங்கள். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-ன்படி லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். ‘விற்கலை சார், நான் குடிக்கத்தான்’ என்பதெல்லாம் எடுபடாது. பனையிலிருந்து கள் இறக்கவே தடை உள்ள மாநிலம் இது.

பயத்தைப் போக்கியாயிற்று என்று இதோடு முடித்திருக்கலாம். ஆனால், அந்த வாளிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, அம்மாவிடம் கேட்டுக்கொண்டு மகனிடமே பேசினேன். எடுத்ததும், “அக்கா, அம்மா மேட்டரைப் பத்திரிகை வரைக்கும் கொண்டு போயிட்டாங்களா?” என்று சிரித்தார். அப்புறம் கேமராவைத் திருப்பி வாளியைக் காட்டினார்.

கிட் என்றால் பாதி வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது என்று அர்த்தம். பார்லியை முளைகட்டி, காயவைத்து, அதன் இனிப்பை வெந்நீரில் இறக்கி, கசப்புக்கு ஹாப்ஸ் பூக்களைப் போட்டுக் கொதிக்கவைத்து, வெல்லப்பாகு பதத்துக்குச் சுண்டவைத்து டப்பாவில் அடைத்துவிடுகிறார்கள். வாங்குகிறவர் அதைச் சூடான தண்ணீரில் கரைத்து, சுமார் ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, பச்சைத்தண்ணீர் விட்டு 23 லிட்டராக்கி, ஈஸ்ட் பொட்டலத்தைத் தூவி மூட வேண்டும். மூடியில் ஓட்டை போட்டு ஏர்லாக் என்ற சின்னக் குழாய் செருகியிருக்கும். உள்ளே உண்டாகும் கரியமில வாயு அது வழியாகக் குமிழ் குமிழாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே போகாது.

“மொத்தமே முக்கால் மணி நேரம்தான் அக்கா. ஆனா, அதுக்கு முன்னாடி கழுவினது ரெண்டு மணி நேரம்” என்றார். அதுதான் சரி. வாளி, கரண்டி, மூடி என்று தண்ணீர் படும் அத்தனையையும் கிருமிநாசினியால் அலச வேண்டும். பீர் கெட்டுப்போவதற்குக் காரணம் நுண்ணுயிர்கள்தான் என்று லூயி பாஸ்டர் 1876-ல் தனிப் புத்தகமே எழுதினார். பிசகினால் பெரும்பாலும் உடம்புக்கு ஒன்றும் வராது, வாளி நிறைய புளித்த காடிதான் மிஞ்சும். சூடு 18 முதல் 24 டிகிரிக்குள் இருக்க வேண்டும். லெஸ்டர் குளிருக்குத் தம்பி வாளியைச் சுற்றிப் போர்த்தியிருந்தது, அம்மா கொடுத்தனுப்பிய ஜமுக்காளம். (இது அம்மாவுக்குப் புது செய்தியாக இருக்கலாம்.)

நான் பேசியது ஐந்தாவது நாள். குமிழ் குறைந்துவிட்டது. “முடிஞ்சுது போல. சனிக்கிழமை ஃப்ரெண்ட்ஸ் வர்றாங்க, இன்னைக்கே பாட்டில்ல அடைச்சிடலாம்னு இருக்கேன்” என்றார்.

ஆபத்து இருப்பது இந்த இடத்தில்.

குமிழ் நின்றதை வைத்துப் புளிப்பு முடிந்துவிட்டதாக முடிவு செய்யவே கூடாது. நம்மூர் பால் சொசைட்டியில் பாலுக்குள் மிதக்கவிட்டுப் பார்ப்பார்களே லாக்டோமீட்டர், அதன் அண்ணன் ஹைட்ரோமீட்டர். கிட்டோடு அதுவும் வந்திருந்தது, பிரிக்காமல். வெறும் தண்ணீரில் அது 1.000 காட்டும். இனிப்பு கரைந்திருந்தால் மேலே எழும்பும். இந்த மாதிரி கிட்டில் ஆரம்பத்தில் 1.040 பக்கம் இருக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன இறங்கி, 1.010 பக்கத்தில் வந்து நிற்கும். தம்பி அப்போதே பிரித்து மிதக்கவிட்டார். 1.018.

அதாவது, ஈஸ்ட் தின்பதற்கு உள்ளே இன்னும் சர்க்கரை பாக்கி இருக்கிறது. பாட்டிலில் அடைக்கும்போது நுரைக்காக நாமே அரை டீஸ்பூன் அளவு சர்க்கரை போடுவோம். அதைப் புளிக்கவைத்து ஈஸ்ட் உண்டாக்கும் வாயுதான், திறக்கும்போது ‘புஸ்’ என்று வருவது. 1.018-ல் அடைத்தால், அந்த நுரைக்கு வேண்டியதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் சர்க்கரை ஏற்கெனவே உள்ளே இருக்கும். அதற்கு மேல் நாம் போடுவது வேறு. வெளியேற வழியில்லாத வாயு கண்ணாடியை உடைத்துக்கொண்டு வரும். பீர் போடுபவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரே ‘பாட்டில் பாம்’. கண்ணைப் பற்றி அம்மா கேட்டார் இல்லையா? கிட் பீரில் கண்ணுக்கு ஆபத்து வந்தால், பறக்கிற கண்ணாடிச் சில்லால்தான் வரும்.

வழி எளிது. அவசரப்படாமல் இருப்பது. அளவு இறங்கி, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண்ணில் நின்றால் மட்டுமே அடைக்க வேண்டும். ஜாம் பாட்டில், சாஸ் பாட்டில் எல்லாம் இந்த அழுத்தத்தைத் தாங்காது. பீருக்கென்றே வரும் பாட்டில் வேண்டும். முதல்முறை போடுபவர்களுக்கு சோடா வரும் பிளாஸ்டிக் பாட்டில் இன்னும் நல்லது. கையால் அமுக்கிப் பார்த்தே உள்ளே எவ்வளவு வாயு சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம், வெடித்தாலும் சில்லு பறக்காது. அடைத்த பிறகும் இரண்டு வாரம் இருட்டில் வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கெட்டு நாற்றம் வரும். பீர் பாட்டில் பழுப்பு நிறத்தில் இருப்பது அதனால்தான்.

“அப்போ சனிக்கிழமைக்கு?”

“கடையில ஜூஸ் வாங்கு தம்பி.”

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அம்மா கேட்காதது, எனக்கு இதில் பெரிதாகப் படுவது. 23 லிட்டர் என்பது இங்கிலாந்து கணக்கில் 40 பைன்ட். அங்கே அரசு மருத்துவர்கள் தரும் வரம்பு வாரத்துக்கு 14 யூனிட். 4 சதவிகித பீரில் சுமார் 6 பைன்ட். அதையும் மூன்று நாளுக்கு மேல் பிரித்துக் குடிக்கச் சொல்கிறார்கள், ஒரே ராத்திரியில் அல்ல. ஒரு ஆள் அந்த வரம்புக்குள் நின்றால் இந்த வாளி காலியாக ஆறேழு வாரம் ஆகும். கடையில் வாங்கினால் ஒவ்வொரு முறையும் பர்ஸ் திறக்க வேண்டும். இது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, குனிந்தால் போதும். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வீட்டில் செய்த சரக்கு என்பதால் கல்லீரல் சலுகை தராது.

தம்பியிடம் கணக்கைச் சொன்னேன். “வீட்டுல நாங்க அஞ்சு பேர்க்கா, ஆளுக்கு எட்டுதான்” என்றார்.

“அஞ்சு பேரும் குடிப்பீங்களா?”

கொஞ்சம் யோசித்தார். “ரெண்டு பேர் தொடவே மாட்டாங்க.”

“அப்போ மறுபடியும் வகுத்துப் பாரு.”

மூன்று நாள் கழித்து வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. ஹைட்ரோமீட்டரில் 1.011. மறுநாளும் 1.011. அதற்கடுத்த நாளும் அதே. பாட்டில் அத்தனையும் பிளாஸ்டிக், ஒவ்வொன்றிலும் அடைத்த தேதி எழுதி ஒட்டியிருந்தார். இந்தப் பக்கம் உங்கள் போனில் வரும்போது அவை கட்டிலுக்கு அடியில் இரண்டாவது வாரத்தில் இருக்கும். ஜமுக்காளத்தைத் துவைக்கப் போட்டாயிற்றாம்.