பதினாலாம் நாள் யாருடைய கணக்கு?

"மாதவிடாய் தொடங்கியதிலிருந்து எண்ணி, கலண்டரில் பதினாலாம் நாளைக் குறியுங்கள், அதுதான் இயற்கை வழி" என்று வகுப்பெடுப்பவர்கள் கணக்கைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். 1920களில் ஜப்பானில் டொக்டர் ஒகினோவும் ஒஸ்ரியாவில் டொக்டர் க்னவுசும் கண்டது வேறு: முட்டை வெளியாவது அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாள் முந்தி. 35 நாள் சுற்றுள்ளவளுக்கு அது ஏறத்தாழ 21ஆம் நாள். அவளும் சுகதேகிதான்.

உடம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். முட்டை வெளியாவதை ஒட்டிய நாள்களில் வெள்ளை, முட்டை வெள்ளைக்கருபோல் வழுவழுப்பாக இழுபடும். காலையில் பாயைவிட்டு எழும்பமுதல் பார்க்கும் சூடு முட்டை வெளியானபின் அரைப் பாகை செல்சியஸ் வரை ஏறும். ஏறிய பிறகுதான் தெரியும், முன்கூட்டிச் சொல்லாது; இதை மட்டும் ஏனோ மறைத்துவிடுகிறீர்கள்.

வன்னியில் போர் நடந்த உடையார்கட்டில் போய் இந்தப் பதினாலு நாள் பாடத்தை நடத்துவீர்களா? 2009 ஜனவரியில் அரசு பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த அதே இடத்தில் செல் விழுந்தது. அப்படியான பட்டினியும் பயமும் மூளை சூலகத்துக்கு அனுப்பும் சைகையையே அடக்கிவிடும். சுற்று தள்ளும், நின்றும் போகும். எந்தக் கலண்டர் அதைச் சொல்லும்? மூன்று மாதம் வராவிட்டால், கர்ப்பமா என்று முதலில் பார்த்துவிட்டு, டொக்டரிடம் போகச் சொல்லுங்கள். சுற்றைக் குறித்துவைத்த கொப்பியையும் கொண்டுபோகட்டும்.