ஓடின் கொலுவுக்குப் போகாத பதினால்வர்

சித்திரக் கலையில் கலகம் செய்தவர்கள் யார் என்று கேட்டால் உடனே பாரிஸ் மாநகரத்தையும், அங்கே மானே, மோனே முதலியோர் பட்ட பரிகாசத்தையும் நினைவுகூர்வது நம்மவர்க்கு வழக்கமாகிவிட்டது. அந்தக் கதை பொய்யன்று. ஆயினும் அதற்குக் கிடைத்திருக்கும் புகழ் முழுவதும் அதற்கே உரியதுதானா என்பதில் எனக்கு நெடுநாளாகச் சந்தேகம் உண்டு. 1863ஆம் ஆண்டின் வசந்தகாலத்தில், அரசாங்கக் கண்காட்சியின் நடுவர்கள் தள்ளிவிட்ட படங்களைத் தனியே தொங்கவிட்டு, ஜனங்களே பார்த்துத் தீர்ப்புச் சொல்லட்டும் என்று உத்தரவிட்டவர் மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தி. ஆகவே, நிராகரிக்கப்பட்டோர் கண்காட்சி என்று சரித்திரம் கொண்டாடும் அந்த நிகழ்ச்சி கலைஞர்கள் தாமே திறந்துகொண்ட வாசல் அன்று, மன்னர் கிருபை கூர்ந்து திறந்துவிட்ட வாசல். அதே வருஷம் நவம்பர் மாதத்தில், ருஷியாவின் தலைநகரமாக இருந்த பீட்டர்ஸ்பர்க்கில், பதினான்கு இளைஞர்கள், எவராலும் நிராகரிக்கப்படாதவர்களாய், தங்க மெடல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே, தாமாகவே எழுந்து வெளியேறினார்கள். துணிவில் முதலிடம் கொடுக்கவேண்டியது இவர்களுக்கே என்பது என் கட்சி.

அவர்கள் விட்டு வெளியேறிய ராஜாங்கக் கலை அகாடமி, நேவா நதிக்கரையில், 1757ஆம் ஆண்டில், எலிஸபெத் சக்கரவர்த்தினியின் ஆட்சிக்காலத்தில் தோன்றியது. அதை வெறும் பள்ளிக்கூடம் என்று எண்ணிவிடலாகாது. எவன் சித்திரக்காரன், எவன் அல்லன் என்று விதிப்பது அது. தேறி வருகிறவனுக்கு அரசாங்க உத்தியோகஸ்தர்களின் அந்தஸ்தை ஒத்த பட்டம் வழங்குவது அது. அரண்மனைக்கும் தேவாலயங்களுக்கும் வேண்டிய படங்களை யாரிடம் ஒப்புவிப்பது என்பதில் செல்வாக்கு உடையதும் அதுவே. மாணவன் முதலில் அச்சுப் படங்களைப் பார்த்து எழுதிப் பழகி, பிறகு கிரேக்க ரோமானியச் சிலைகளின் சுண்ணச்சாந்துப் பிரதிகளுக்கு முன்னால் வருஷக்கணக்கில் அமர்ந்து, அதன்பின் உயிருள்ள மனிதனை நிறுத்திவைத்து வரைந்து, வெள்ளி மெடல், சிறிய தங்க மெடல் என்று படிப்படியாக ஏறி, முடிவில் பெரிய தங்க மெடலுக்குப் போட்டியிடுவான். அதைப் பெற்றவனுக்கு அரசாங்கச் செலவில் பல ஆண்டுகள் வெளிதேசங்களில் தங்கிப் பயிலும் பாக்கியம் கிட்டும்; திரும்பி வந்தால் மேலும் பட்டங்களும் பெரிய வேலைகளும் அவனைத் தேடி வரும். ஆஸ்திரகோஷ்ஸ்க் என்ற சிற்றூரில் ஓர் ஏழைக் குமாஸ்தாவின் மகனாகப் பிறந்து, புகைப்படக்காரர்களிடம் படங்களுக்குத் திருத்தம் போடும் வேலை செய்து வயிறு வளர்த்து, அகாடமிக்கு வந்துசேர்ந்து, சிறிய தங்க மெடலையும் பெற்றுவிட்ட இவான் கிராம்ஸ்கோய் என்ற இளைஞருக்கு, மிஞ்சியிருந்த அந்த ஒரு படியைத் தாண்டாமல் திரும்புவது எத்தகைய தியாகம் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

போட்டிக்குரிய விஷயத்தை அகாடமிதான் கொடுக்கும். 1861ஆம் ஆண்டில் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டு, கோடிக்கணக்கான குடியானவர்களின் வாழ்வு தலைகீழாக மாறிக்கொண்டிருந்த தேசத்தில், தம் கண்ணெதிரே நடப்பதைச் சித்திரமாக்க வேண்டும் என்ற தாகம் இளைஞர்களுக்கு எழுந்ததில் வியப்பில்லை. எங்கள் மனத்துக்கு உகந்த விஷயத்தை நாங்களே தேர்ந்துகொள்ள அனுமதியுங்கள் என்று அவர்கள் மரியாதையாக மனுச் செய்தார்கள், அனுமதி கிடைக்கவில்லை. நவம்பர் 9ஆம் தேதி சபை கூடி, பட்டுச்சட்டைப் பெரியவர்கள் வரிசையாக அமர்ந்திருக்க, அவ்வாண்டின் விஷயம் வாசிக்கப்பட்டது: வடதேசப் புராணத்துத் தெய்வமாகிய ஓடின் வல்ஹாலா மண்டபத்தில் கொலு வீற்றிருக்கிறார், சுற்றிலும் தேவர்களும் வீரர்களும், அவர் தோள்களில் இரண்டு அண்டங்காக்கைகள், மண்டபத்து வளைவுகளுக்கு அப்பால் மேகங்களினூடே சந்திரன், சந்திரனைத் துரத்தி ஓடும் ஓநாய்கள். வோல்கா நதிக்கரையிலும் உக்ரேனியச் சமவெளியிலும் பிறந்த பிள்ளைகள் தங்கள் வாழ்நாள் திறமை முழுவதையும் திரட்டி இதைத்தான் எழுதவேண்டும் என்று, அறிவிற் சிறந்த பேராசிரியர்கள் பலர் கூடி யோசித்து முடிவு செய்திருந்தார்கள்.

கிராம்ஸ்கோய் முன்வந்து, நாங்கள் போட்டியிலிருந்து விலக அனுமதிக்கவேண்டும் என்று சுருக்கமாகச் சொன்னார். பிறகு ஒவ்வொருவராக வந்து, முன்கூட்டியே எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்த மனுவைக் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார்கள். பதினால்வருள் ஒருவர் சிற்பி, ஏனையோர் சித்திரக்காரர். மனுக்களில் புரட்சி வசனம் ஒன்றும் இல்லை. குடும்ப நிமித்தமாகப் படிப்பைத் தொடர இயலவில்லை என்றவாறே எழுதியிருந்தார்கள். சர்க்கார் காரியாலயங்களில் விடுமுறைக்கு எழுதும் பாஷையிலேயே ஒரு சாம்ராஜ்யத்தின் கலைப்பீடத்தை உதறிவிட்டுப் போகலாம் என்பதை இவர்கள் காட்டியது எனக்கு எப்போதும் ரசமாகத் தோன்றுவதுண்டு. ஆனால் அரசாங்கம் ஏமாறவில்லை. பத்திரிகைகள் இதைப்பற்றி மூச்சுவிடக்கூடாது என்று தடை பிறந்தது. இளைஞர்கள்மீது இரகசியப் போலீசாரின் கண் விழுந்தது. அகாடமியில் அவர்கள் வேலை செய்துவந்த அறைகள் காலி செய்யப்பட்டன.

இதுவரை நடந்தது தைரியம். அடுத்து நடந்ததுதான் புத்திசாலித்தனம். வேலையும் வீடும் இழந்த கூட்டம் கலைந்துபோகாமல், ஒரு கூட்டுத் தொழிற்குழு அமைத்துக்கொண்டது. பெரிய வீடொன்றை வாடகைக்குப் பிடித்து, ஒன்றாக உண்டு உறங்கி, உருவப்படங்களும் கோயிற்படங்களும் எழுதும் வேலைகளைக் குழுவின் பேரால் ஏற்று, வருமானத்தில் ஒரு பங்கைப் பொதுநிதிக்குச் செலுத்தினார்கள். கிராம்ஸ்கோயின் மனைவி சோபியா வீட்டு நிர்வாகத்தை ஏற்றார். செர்னிஷெவ்ஸ்கியின் ‘என்ன செய்யவேண்டும்?’ என்ற நாவல் வெளிவந்து, கூட்டு வாழ்க்கையைப்பற்றி வாலிபர்கள் கனவு கண்டுகொண்டிருந்த அதே வருஷத்தில் அவர்கள் வெளியேறியிருந்தார்கள் என்பதையும் இங்கே நினைக்கவேண்டும். சில ஆண்டுகள் அது செழித்தது. பிறகு, அங்கத்தினர் ஒருவர் மற்றவர்களுக்குத் தெரியாமல் அகாடமியின் தயவில் வெளிதேசம் போக ஏற்பாடு செய்துகொண்டது வெளிப்பட, மனம் கசந்து 1870இல் கிராம்ஸ்கோய் விலகினார். தங்க மெடலைத் துறப்பதைவிட அதன் ஞாபகத்தைத் துறப்பது கடினம் போலும்.

அதே 1870ஆம் ஆண்டில்தான் விஷயத்தின் உயிர்நாடிக்கு வருகிறோம். மியசயேதவ் என்ற ஓவியரின் யோசனையால், பெரோவ், கே, கிராம்ஸ்கோய் முதலியோர் கூடி, சஞ்சாரக் கண்காட்சிகளுக்கான கலைஞர் சங்கம் ஒன்றை நிறுவினார்கள். இவர்களையும், பிற்பாடு இவர்களோடு சேர்ந்த ரெப்பினையும் சூரிக்கோவையும் பேசும்போது, யதார்த்த முறை, குடியானவர் துயரம், சமூக விமரிசனம் என்றெல்லாம் கலை விமரிசகர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எழுதட்டும். ஆனால் குடியானவனைச் சித்திரித்தவர் இவர்களுக்கு முன்னும் உண்டு. பெரோவே 1861இல், குடிவெறியில் தள்ளாடும் பாதிரியாரைக் காட்டும் ஈஸ்டர் ஊர்வலப் படத்தை எழுதி, அது பொதுமக்கள் பார்வையிலிருந்து அகற்றப்படக் கண்டிருந்தார். இந்தச் சங்கம் புதிதாகச் செய்தது, படம் போகும் பாதையை மாற்றியது. அதுவரையில் ஒரு படம் அகாடமியில் பிறந்து, அகாடமியின் சுவரில் தொங்கி, அகாடமியின் மெடலைப் பெற்று, அரண்மனைக்கோ பிரபுக்களின் மாளிகைக்கோ போய் மறைந்துவிடும். பாமர ஜனங்கள் அதைப் பார்ப்பதும் இல்லை, அவர்கள் பார்த்தார்களா என்று எவரும் கேட்பதும் இல்லை. சங்கத்தாரோ படங்களைப் பெட்டிகளில் அடைத்து, பீட்டர்ஸ்பர்க், மாஸ்கோ, கீவ், கார்கோவ் என்று ஊர் ஊராகக் கொண்டுபோய், நுழைவுக் கட்டணம் வாங்கிக் காட்டி, அந்த வசூலை அங்கத்தினர்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். அகாடமி அரண்மனை இலாகாவின் கீழ் இருந்தது. சங்கத்தின் விதிகளுக்கு அங்கீகாரம் தந்ததோ உள்நாட்டு மந்திரி. மாகாண நகரத்துப் பள்ளி ஆசிரியரும் கடைக்காரரும் மாணவரும் கொடுத்த சில்லறையில்தான் ருஷியச் சித்திரக்காரன் முதன்முறையாக அரண்மனையின் முகம் பாராமல் நிமிர்ந்து நின்றான். இதைக் கலையைச் சாராத கணக்கு வழக்கு என்று ஒதுக்குகிறவர்கள், கலைஞனும் சோறு உண்கிறவன் என்பதை மறந்தவர்கள்.

முதற் கண்காட்சி 1871 நவம்பர் மாதத்தில் அகாடமியின் மண்டபத்திலேயே நடந்தது என்பது வேடிக்கை. அப்பெரியவர்கள் சில ஆண்டுகள் கழித்தே விழித்துக்கொண்டு இடமில்லை என்றார்கள். அந்தக் கண்காட்சியில் சவ்ராசவ் எழுதிய ‘காக்கைகள் திரும்பி வந்தன’ என்ற சிறிய படம் இருந்தது. அழுக்கேறி உருகும் பனி, கோணலான சில பூர்ச்ச மரங்கள், அவற்றின் உச்சியில் கூடு கட்டும் காக்கைகள், பின்னால் ஒரு கிராமத்துக் கோயிலின் மணிக்கூண்டு, சாம்பல் நிற வானம், அவ்வளவே. ஓடினின் தோளில் உட்காரவேண்டிய காக்கைகள் தாம் பிறந்த மரத்துக்குத் திரும்பிவிட்டன என்று அன்று பார்த்தவர் எவராவது நினைத்தாரோ என்னவோ, எனக்கு அப்படி நினைக்காமல் இருக்க முடிவதில்லை. அதே கண்காட்சியில் நிக்கோலாய் கே எழுதிய, மகா பீட்டர் தம் மகன் அலெக்ஸேயை விசாரிக்கும் சித்திரமும் இருந்தது. சரித்திரப் படந்தான், அகாடமிக்கு உவப்பான வகைதான். ஆனால் அதில் கூக்குரல் இல்லை, வாள் இல்லை, மூர்ச்சை இல்லை. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை; மேஜைமீதும் கீழேயும் கடிதங்கள்; உட்கார்ந்தபடி மகனை உற்றுப் பார்க்கும் தகப்பன்; பார்வையைத் தாழ்த்திக்கொண்டு நிற்கும் மகன். 1718இல் அந்த மகன் சிறையில் மாண்டதை அறிந்து பார்க்கிறவர்களுக்கு அந்த மௌனம் தாங்கக்கூடியதாக இராது. யாரும் விஷயம் கொடுக்காதபோது கலைஞன் தானே தேடிக்கொள்ளும் விஷயம் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதற்கு இதற்குமேல் சாட்சியம் தேவையில்லை.

சங்கம் உண்டாக்கிய பாதையின் மறுமுனையில் ஒரு மனிதர் நின்றிருந்தார். மாஸ்கோ வர்த்தகர் பாவெல் திரெத்தியகோவ், லினன் துணி ஆலை நடத்திச் சம்பாதித்த பணத்தைக் கொண்டு இப்படங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கினார். கிராம்ஸ்கோயின் ‘பாலைவனத்தில் கிறிஸ்து’ என்ற படத்துக்கு, கேட்ட விலையாகிய 6000 ரூபிளைக் கொடுத்தார். 1892இல் சேகரம் முழுவதையும் மாஸ்கோ நகரத்துக்குத் தானம் செய்துவிட்டார்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் செய்யவேண்டும். அகாடமியை வெறும் மூடர் கூடாரமாகச் சித்திரிப்பது எளிது, ஆனால் உண்மையாகாது. ரெப்பின் அந்தப் பெரிய தங்க மெடலை 1871இல் வாங்கியவர். வோல்காவில் படகிழுக்கும் கூலிகளைச் சித்திரித்த அவருடைய புகழ்பெற்ற படத்தை வாங்கியது, வேறு யாருமல்ல, அகாடமியின் அதிகாரத்தில் இருந்த விளாதிமீர் இளவரசர். அவர் அதைப் பில்லியர்ட் விளையாடும் அறையில் மாட்டினாராம். வெளியேறியவர்களின் கையில் இருந்த ஓவியத் தேர்ச்சி, அவர்கள் சலித்துக்கொண்ட சுண்ணச்சாந்துச் சிலைகளின் முன் பெற்றதே. ஆனால் பயிற்சி அளித்தவர் பயிற்சியின் பயனுக்கும் எஜமானராக இருக்கவேண்டும் என்பது எந்த சாஸ்திரம்? அகாடமி விட்ட இடத்தில் சிம்மாசனமே தலையிட்டதும் உண்டு. மகனைக் கொன்றுவிட்டு அவனை மடியில் தாங்கித் திகைக்கும் பயங்கர இவானை ரெப்பின் எழுதியபோது, 1885இல் மூன்றாம் அலெக்ஸாந்தர் சக்கரவர்த்தி அதைக் காட்டக்கூடாது என்று தடுத்தார். விலைக்கு வாங்கிய திரெத்தியகோவே சில மாதங்கள் தம் படத்தைப் பிறர் கண்ணில் படாமல் வைத்திருக்க நேர்ந்தது.

கிராம்ஸ்கோய் 1887இல், ஒரு வைத்தியரின் உருவப்படத்தை எழுதிக்கொண்டிருக்கையில், தூரிகை கையிலிருக்கவே உயிர்நீத்தார். அதன்பின் நடந்தவற்றை அவர் பாராமற்போனது நல்லதே என்று சொல்லத் தோன்றுகிறது. 1894இல், சீர்திருத்தப்பட்ட அகாடமிக்குள் ரெப்பினும் ஷிஷ்கினும் குயிந்ஜியும் விளாதிமீர் மாக்கோவ்ஸ்கியும் பேராசிரியர்களாக நுழைந்தார்கள். இதைச் சரணாகதி என்று நான் பழிக்கமாட்டேன். அவர்களிடம் படித்த தலைமுறை மிகவும் நல்ல தலைமுறை. நான் குறை சொல்வது வேறொன்றை. அந்தச் சமயத்தில் சங்கத்தின் மூத்தவர்கள், தங்கள் படங்களுக்கு எந்தப் பரீட்சையும் வைக்காமல், அங்கத்தினர் அல்லாத இளைஞர்களின் படங்களைமட்டும் ஓட்டெடுத்து ஏற்கவும் தள்ளவும் செய்தார்கள். 1890இல் அந்த இளைஞர்கள் தங்களுக்கும் குரல் வேண்டும் என்று மனுக் கொடுத்தபோது, முன்னொரு மனுவுக்கு அகாடமி கொடுத்த விடையையே இவர்களும் கொடுத்தார்கள். செரோவைப் போன்றவர்கள் மனம் விலகிப் புதிய கூட்டத்தாரோடு சேர்ந்தார்கள். சங்கம், வேகம் தணிந்த ரயில்வண்டி தண்டவாளத்தில் தானே உருண்டுகொண்டிருப்பதைப்போல, 1923இல் 48ஆவது கண்காட்சி வரையில் நடந்து ஓய்ந்தது.

ஓய்ந்தபின் அதற்குக் கிடைத்த மறுபிறவியே மிகவும் விசித்திரமானது. சோவியத் அரசாங்கம் சோஷலிஸ யதார்த்தவாதத்தைக் கலைஞர்களுக்கு விதியாக்கியபோது, ரெப்பினையும் கிராம்ஸ்கோயையும் அதன் மூதாதையராகப் பீடத்தில் ஏற்றியது. தமிழ்நாட்டில் ‘சோவியத் நாடு’ பத்திரிகையின் வழவழப்பான தாள்களில் படகிழுக்கும் கூலிகளைப் பார்த்து வியந்த தலைமுறைக்கு அந்தப் படங்கள் அரசாங்க முத்திரையோடுதான் அறிமுகமாயின. 1947இல் கலை அகாடமி புதிய பெயரோடு மாஸ்கோவில் மீண்டும் எழுந்தது. என்ன எழுதலாம், எப்படி எழுதலாம் என்பது மீண்டும் மேலிருந்து வந்தது. 1974 செப்டம்பர் 15ஆம் தேதி, ஆஸ்கார் ராபின் முதலிய சில சித்திரக்காரர்கள், எந்த மண்டபமும் தங்களுக்கு இடம் தராததால், மாஸ்கோவின் புறநகரில் ஒரு பொட்டலில் தங்கள் படங்களைத் தாமே ஏந்தி நின்று மக்களுக்குக் காட்ட முற்பட்டார்கள். மண்வாரி இயந்திரங்களும் தண்ணீர் லாரிகளும் ஏவப்பட்டன. படங்கள் சக்கரங்களின் கீழ் நசுங்கின. அவற்றை ஏவிய ஆட்சியின் பாடப்புத்தகங்களில் 1863ஆம் ஆண்டின் பதினால்வரும் மகாபுருஷர்களாக இருந்தார்கள். அந்தப் பதினால்வரிடமிருந்து ஜார் அரசாங்கம் பறித்தது ஒரு மெடலையும் சில அறைகளையும். ராபினிடமிருந்து 1978இல் அவருடைய குடியுரிமையையே சோவியத் அரசாங்கம் பறித்துக்கொண்டது.